ஒன்பதாம் எண் வாளி

என் அத்தை இன்றைக்கு உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஒரு பிளாஸ்டிக் வாளி காய்ந்து கிடந்ததும், அதை ஒரு மனிதர் நின்று கவனித்ததும்தான். வேறு எந்தச் சக்திக்கும் இதில் பங்கில்லை. இப்படிச் சொன்னால் முகம் சுளிக்கிற உறவினர்கள் எனக்கு நிறைய உண்டு. சுளிக்கட்டும்.

அத்தை இருப்பது பதினான்கு அறைகள் வரிசையாக உள்ள ஒரு முதியோர் இல்லம். அறைக்கு ஓர் ஏசி. ஏசி ஓடும்போது அறைக்காற்றின் ஈரம் தண்ணீராகி, ஒரு சின்னக் குழாய் வழியே பின்சுவருக்கு வெளியே சொட்டும். மற்ற கட்டடங்களில் அது மண்ணில் விழுந்து பாசி பிடிக்கும். இங்கே மட்டும் ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு வாளி இருக்கும். வாளியின் வயிற்றில் அறை எண் பெயின்ட்டால் எழுதியிருக்கும். அப்படி வைத்தவர் இல்லத்தின் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அவரை எல்லோரும் வாளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தினமும் மூன்று மணிக்கு அவர் பின்சுவரோரம் நடந்து, ஒவ்வொரு வாளியையும் எட்டிப் பார்த்து, தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். சமையல்காரர் ஜன்னலிலிருந்து கத்துவார்: "என்னண்ணே, பால் கறந்தாச்சா?"

"மூணாம் நம்பர் நல்லா கறக்குது. ஏழுதான் முரண்டு பிடிக்குது. பில்டர் அடைச்சிருக்கும்."

அவருக்கு அது நாடி பார்க்கிற வேலை. எந்த இயந்திரத்தையும் கழற்றாமலே, வாளியைப் பார்த்து அதன் உடம்பு எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவார்.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையை ஒருநாள் கேட்டேன். ஐஸ் கம்பெனியில் தொழில் கற்றவர். பிறகு ஒரு பெரிய அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம், கம்ப்யூட்டர்கள் அடுக்கிய ஒரு கூடத்துக்குக் குளிர் காவல். கூடத்தில் சூடு இரண்டு டிகிரி கூடினால் அலாரம் அலறும். சாப்பாட்டுக் கையோடு ஓடுவார். அதே அலுவலகத்தின் வாசலில், தகரக் கூண்டுக்குள் ஒரு வயதான காவலாளி உட்கார்ந்திருந்தார். ஒரு கோடையில் வெக்கை தாங்காமல் அவர் நாற்காலியிலேயே சரிந்து உயிர் விட்டார். மதியம் முழுக்க எல்லோரும் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள்.

"மெஷினுக்கு அலாரம் வச்சிருக்கான் சார். அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் வைக்கல. நானும் அவரைத் தாண்டித்தான் ரெண்டு தடவை டீ குடிக்கப் போனேன்" என்றார். அந்த வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கு மின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. குறைப்பதில் தவறில்லை. மின்சாரத்தை வீணாக்குவது அறிவுள்ளவர்கள் செய்கிற காரியம் அல்ல. வாளிக்காரரும் அதைத்தான் சொன்னார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்: பில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவலாம், கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டலாம், மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டலாம், இருபத்தாறோ இருபத்தேழோ வைத்து மின்விசிறியும் சேர்த்துப் போடலாம், மதியம் எல்லோரையும் பெரிய கூடத்தில் உட்காரவைத்தால் பதினான்கு ஏசி ஓடுகிற இடத்தில் இரண்டு ஓடினால் போதும்.

நிர்வாகி அந்தத் தாளை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அதற்குப் பதிலாகக் கூடத்தில் ஒரு பலகையை மாட்டினார். எந்த அறை எத்தனை யூனிட் என்று வாராவாரம் அதில் எழுதப்படும். யார் எல்லோரையும்விடக் குறைவோ, அவர் அறை எண்ணுக்குப் பக்கத்தில் தங்கக் காகித நட்சத்திரம்.

எண்பது வயதுக்காரர்களுக்கு நட்சத்திரம்! ஒன்றாம் வகுப்பில் ஒட்டுவதை இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள். இதை யோசித்த நிர்வாகியின் அறையில் ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும், நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது என்பதையும் நானே பார்த்தேன்.

என் அத்தைக்கு அந்தப் பலகை என்ன செய்யும் என்று எங்கள் குடும்பத்தில் சின்னக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் பிரித்தவள். ஒரு சொட்டுப் பசை வீணாகப் பொறுக்க மாட்டாள். முன்பெல்லாம் அவள் வீட்டுக்குப் போனால், கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் குளியலறை விளக்கு அணைந்திருக்கும். "உள்ளே ஆள் இருக்கேன் அத்தை" என்று கத்தினால், "கழுவத் தெரியுமில்ல, இருட்டுல கை தொலைஞ்சா போயிடும்?" என்பாள். அந்தப் பெண்மணியின் முன்னால் கொண்டுபோய் மின்சாரக் கணக்கையும் நட்சத்திரத்தையும் வைத்தார்கள்.

எட்டாம் அறையில் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருந்தார். முதல் வாரம் நட்சத்திரம் அவருக்கு. அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன மாமா, ராத்திரி பகல் பார்க்காம விசிறிக்கிட்டே இருந்தீங்களா?"

"பயிற்சி வேணும்மா. ரயில்ல பாதி வாழ்க்கை வெந்தவன் நான்."

"நாங்க மட்டும் என்ன பனிக்கட்டி மேலயா உக்காந்து லெட்டர் பிரிச்சோம்? அடுத்த வாரம் பாருங்க."

அடுத்த வாரம் நட்சத்திரம் அத்தையின் ஒன்பதாம் எண்ணுக்கு வந்தது. அதற்கடுத்த வாரமும். அதற்கடுத்ததும்.

வயதான உடம்பைப் பற்றி இல்லத்து நர்ஸ் பின்னால் சொன்ன ஓர் உண்மை எனக்கு அதுவரை தெரியாது. அந்த உடம்பு சூட்டைச் சரியாக உணர்வதில்லை. தாகம் பிந்தி எடுக்கும், வியர்வை குறைவாக வரும். 'எனக்கு ஒண்ணும் சுடலையே' என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல, உடம்பு அவர்களிடம் சொல்கிற பொய். அத்தை தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சுற்றி வருகிற நேரத்துக்கு முன்னால் மட்டும் ஏசியைப் போடுவாள். அறை கொஞ்சம் ஆறியிருக்கும். நர்ஸ் போனதும் அணைத்துவிடுவாள்.

ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை, அதுவரை பாதியாவது நிறைந்துவந்த ஒன்பதாம் வாளியில் கால்பங்குத் தண்ணீர்தான் இருந்தது. வாளிக்காரர் ஏணியோடு வந்தார். ஏசியைக் கழற்றினார், பில்டரைக் கழுவினார், கேஸ் அளந்தார். எல்லாம் சரி. அத்தை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஏன் தண்ணி வரலைன்னு தெரியல."

"பழைய மெஷின் இல்லையா தம்பி. என்னை மாதிரி" என்றாளாம்.

இதை அவர் பின்னால் என்னிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷப் பழக்கம் சார். தண்ணி குறைஞ்சா மெஷினைத்தான் சந்தேகப்படுவேன். ஆளைச் சந்தேகப்படத் தோணல."

வியாழக்கிழமை. அந்தக் கோடையிலேயே மோசமான நாள். மூன்று மணிக்கு ஒன்பதாம் வாளியின் அடியில் ஒரு சருகும் நான்கு எறும்பும் கிடந்தன. திங்கட்கிழமை தன் கையால் பார்த்த இயந்திரம். அதில் பழுது இருக்க முடியாது. அப்படியென்றால் ஓடவில்லை. ஓடவில்லை என்றால், உள்ளே இருக்கிறவர்? கையிலிருந்த எட்டாம் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அந்த வாளி உருண்டு, விரிசல் விட்டு, இன்னும் அந்த விரிசலோடுதான் இருக்கிறது.

அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கன்னம் சிவந்து, தோல் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. வியர்வை ஒரு துளி இல்லை. அவரைப் பார்த்து, "மூட்டை வந்துடுச்சா? முத்திரையை உடைங்க, நேரமாச்சு" என்றாள். தபால் நிலையத்தில் இருப்பதாக நினைத்துவிட்டாள்.

அவர் நர்ஸைக் கூவி அழைத்தார். சமையல்காரர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நாற்காலியோடு தூக்கிக் குளிர்ந்த கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள். யாரோ டம்ளரோடு ஓடி வந்தார்கள். "நினைவு தெளிவா இல்ல, வாயில ஊத்தாதீங்க, புரை ஏறிடும்" என்று நர்ஸ் தடுத்தார். ஈரப் போர்வையைச் சுற்றி, இரண்டு மின்விசிறியைத் திருப்பிவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை போராடினார்கள். மருத்துவமனையில் டாக்டர் என்னிடம் சுருக்கமாகச் சொன்னார்: "இன்னும் அரைமணி நேரம் போயிருந்தா, நீங்க என்கிட்ட வேற விஷயம் பேசிட்டு இருப்பீங்க."

நான்கு நாளில் அத்தை எழுந்து உட்கார்ந்தாள். பார்க்க வந்த சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் மேல இருக்கறவன் காப்பாத்தினான்க்கா" என்றாள்.

"மேல இல்லடி, பின்னாடி. பின்சுவர்ல" என்றாள் அத்தை. "நன்றி சொல்றதுன்னா சரியான விலாசத்துக்குச் சொல்லணும். தப்பு விலாசம் எழுதினா எங்க ஆபீஸ்ல அது அனுப்பினவங்களுக்கே திரும்பிடும்."

நான் நிர்வாகியைப் பார்க்கப் போனேன். வாளிக்காரர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். நிர்வாகி அமைதியாகச் சொன்னார்: "நாங்க யாரையும் அணைக்கச் சொல்லலையே. அவங்களேதான் அணைச்சிருக்காங்க."

உலகத்தில் எத்தனையோ அநியாயங்களின் வழக்கமான வாக்குமூலம் இதுதான்: அவர்களேதான் செய்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாளிக்காரர் முந்திக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் ஒன்பதாம் ரூமுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

மணி மூன்று. ஏசி அணைந்திருந்தது, ஜன்னல் அடைத்திருந்தது, மின்விசிறி ஓடியது. அத்தையின் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார். பத்து நிமிஷம்" என்றார்.

நிர்வாகி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மூன்றாம் நிமிடம் சட்டைப் பித்தானைக் கழற்றினார். நான்காம் நிமிடம் "விசிறியே சூடாத்தான் அடிக்குது" என்றார். ஆறாம் நிமிடம் எழுந்துவிட்டார். சுவரிலிருந்த வெப்பமானியில் முப்பத்தாறு.

"அவங்க எழுந்திருக்கல சார்" என்றார் வாளிக்காரர். "சுடுறதே அவங்களுக்குத் தெரியல. அணைச்சா நட்சத்திரம்னு நாமதான் சொன்னோம்."

நிர்வாகி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை பலகை இறங்கியது. இழுப்பறையிலிருந்து அந்தத் தாள் வெளியே வந்தது. மனிதர் கெட்டவரில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. திரும்பி வந்த அத்தை, முதல் வேலையாக ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தாள்.

"அத்தை!" என்றேன்.

"அடப்போடா, செத்தா போயிட்டேன்? ஒரு கிழவிக்காக அவ்வளவு கரண்ட்டா? எத்தனை வீட்ல விளக்கில்லாம இருக்காங்க, தெரியுமா உனக்கு?"

அவள் சொன்னது அற்பமான கஞ்சத்தனம் இல்லை. வாளிக்காரர் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்துக் கதவின் அடியில் பிடித்தார். ஏசியை மறுபடி போட்டார். காகிதம் வெளிப்பக்கமாகப் படபடத்தது.

"பார்த்தீங்களாம்மா? திருடன் இங்க இருக்கான். குளிரெல்லாம் வராந்தாவுக்குப் போகுது. இன்னொரு திருடன் அந்த மேற்கு ஜன்னல். ரெண்டு பேரையும் விட்டுட்டு நீங்க உங்களையே பிடிச்சு ஜெயில்ல போட்டுக்கிட்டீங்க."

அத்தை காகிதத்தையே பார்த்தாள். தபால்காரியின் கண். "இதை அடைச்சா எவ்வளவு மிச்சமாகும்?"

"நீங்க அணைச்சு மிச்சம் பிடிச்சதுக்கு மேல. பதினாலு ரூமுக்கும் செய்யறேன். ஆனா ஒரு கண்டிஷன். மதியம் கூடத்துல வந்து உக்காரணும். மத்த நேரம் ரூம்ல இருந்தா இருபத்தேழுக்கு மேல போகக் கூடாது, விசிறி ஓடணும். எனக்கு வாளியில தண்ணி விழணும்."

"விழலைன்னா?"

"மறுபடி நாற்காலியோட தூக்குவேன். போன தடவையே இடுப்பு பிடிச்சிக்கிச்சு."

அத்தை சிரித்துவிட்டாள். ரிமோட்டை அவர் கையில் கொடுக்கவில்லை, மேஜைமேல் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய சரணாகதி.

ரப்பர் பட்டைகள் ஒட்டியாயிற்று. தட்டிகள் கட்டியாயிற்று. மதியம் கூடத்தில் பதினான்கு பேரும் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். பலகை இருந்த மாதத்தைவிட மின்சாரம் குறைவாகவே ஓடியது என்று நிர்வாகியே சொன்னார். நிர்வாகியின் அறையிலும் இப்போது இருபத்தாறு. ஸ்வெட்டரைக் காணோம்.

போன ஞாயிறு போயிருந்தேன். மாலை நான்கரைக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு அத்தை பின்சுவரோரம் நடந்தாள். வாளி பார்க்கும் வேலையில் இப்போது அவளுக்கும் பாதிப் பங்கு. எண் வரிசையில் பிரித்துப் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லையே. மூன்று மணி வெயிலில் அவள் வரக் கூடாதென்று வாளிக்காரர் தன் நேரத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வாளியின் முன்னால் நின்றாள். முக்கால்வாசி நிறைந்திருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பையிலிருந்து எதையோ எடுத்தாள். பழைய பலகையிலிருந்து அவள் பிய்த்து வைத்திருந்த தங்க நட்சத்திரம். பின்னால் புதுப் பசை தடவியிருந்தாள், அளவாக.

"குனிங்க தம்பி" என்றாள்.

அவர் என்னவோ ஏதோ என்று குனிந்தார். சட்டைப் பையில், டெஸ்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

"சரியான விலாசம்" என்றாள்.