மூன்று பட்டன்களும் ஒரு ஈயும்

மாறுகண் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்குக் கண் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதாவது, "பென்சில் முனையைப் பாரு கண்ணு" என்று காலையிலிருந்து மாலைவரை கெஞ்சுவது. ஒரு பிள்ளையைத் தினமும் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரவைக்கப் பாடுபட்ட எல்லோரும் என் கட்சிக்காரர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் இன்றைக்கும் நான் ஏதோ கண்ணாடிக் கடையில் இருப்பதாகத்தான் பேச்சு. எங்கே தப்பாகிவிடுமோ என்று, எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அப்படியும் தப்பு வந்தது.

இஸ்திரி

ரிஸ்வானாவுக்கு ஏழு வயது. மந்தைவெளியில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு அவளை அழைத்துவந்தவர் அவள் அப்பா; அவளுக்கு அத்தா. கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு உடை தைக்கும் டெய்லர். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டேன். வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்த அவளது இடது கண்ணை டாக்டர் நேராக்கிவிட்டார். சிவப்புகூட மறைந்துவிட்டது. "அதான் நேரா கீதே மேடம், இன்னும் இன்னாத்துக்குப் பயிற்சி?" என்றார்.

கண் நேரானது மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்து பார்க்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிடும், அது மறுபடி வெளியே ஓடினாலும் ஓடும் என்று, பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்போ தெச்சு முடிச்சாச்சு, இன்னும் இஸ்திரி போடலன்றீங்க."

ராஜா சட்டை

நூலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள் கோத்திருக்கும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு மணியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் வேலை செய்தால் நூல் இரண்டாகத் தெரிந்து அந்த மணியில் எக்ஸ் மாதிரி வெட்டிக்கொள்ளும். ஒரு கண் தூங்கினால் ஒரே நூல்தான்.

கொடுத்த நூலை இரண்டாவது வாரமே பஸ்ஸில் தொலைத்துவிட்டார்கள். அதற்கடுத்த முறை பாய் தானே ஒன்று செய்து கொண்டுவந்தார். மணிகளுக்குப் பதில், நூல் கோக்க அடியில் காது வைத்த மூன்று பட்டன்கள். நடுவில் இருந்த தங்க நிறப் பட்டன் ஏதோ ஒரு படத்தில் ராஜா சட்டைக்குத் தைத்ததில் மிஞ்சியதாம். ரிஸ்வானா அதைக் கீழே வைக்க மறுத்தாள். இதை அனுமதிக்கலாமா என்று பயந்துபோய் என் சீனியர் ஸ்டெல்லா மேடத்திடம் ஓடினேன். அவர் பட்டன்களை நகர்த்திப் பார்த்தார், ஸ்கேலால் இடைவெளியை அளந்தார். "கம்பெனி மணி எந்தப் புள்ளையையாவது இவ்ளோ நேரம் உக்கார வெச்சிருக்கா, செல்வி?"

ஆட்டோவில் வந்த டிக்

வீட்டில் பயிற்சி செய்த நாளுக்கு ஒரு டிக் போட அட்டை கொடுப்போம். மயிலாப்பூரிலிருந்து வரும் ஒரு பையனின் அட்டையில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் நிமிர்ந்து சொன்னான்: "ஆத்துல ஒண்ணும் பண்ணலை மிஸ், அம்மா ஆட்டோலதான் போட்டுண்டே வந்தா."

அவன் அம்மாவைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

என் முகம்

ஆறு வாரமாக ரிஸ்வானா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். நானும் ஒவ்வொரு முறையும் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று டாக்டரே சொல்லும் நிலை. கடைசியாக ஒருமுறை பார்க்க வந்த ஸ்டெல்லா மேடம், ரிஸ்வானாவின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டு, "எத்தனை நூல் தெரியுது?" என்று கேட்டார். "ரெண்டு மிஸ், எக்ஸ் மாதிரி" என்றாள். ஒற்றைக் கண்ணுக்கு இரண்டு நூல் தெரியவே தெரியாது.

பிறகு ஈ படத்தை எடுத்தார். அதற்கான கண்ணாடி போட்டுப் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பெரிய ஈயின் இறக்கை தாளைவிட்டு எழும்பி நிற்கும். "மேல நிக்குது" என்று சொல்லிக்கொண்டே ரிஸ்வானா விரலைத் தாளில் அப்பிவைத்தாள். "ஏன் கண்ணு ரெண்டுன்னு சொன்னே?" என்று கேட்டேன். "ரெண்டுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்கல்ல?"

பிரித்துத் தைப்பது

'ரெண்டு நூல் தெரியுதா?', 'இறக்கை மேல நிக்குதா?' என்று விடையையும் சேர்த்துக் கேட்டவள் நான்தான். ஆறு வாரக் குறிப்புகள் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திட்டேன். டாக்டரிடம் நானே சொன்னேன். முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார், திட்டவில்லை. பாயிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கோடம்பாக்கத்திலிருந்து அரைநாள் வேலையை விட்டு வருகிற மனிதர். கத்துவார் என்று நினைத்தேன். "தப்பா வெட்டிட்டேன்னு எந்த டெய்லரும் வாய வுட்டுச் சொல்லமாட்டான், மேடம். நீங்க சொன்னீங்க. பிரிச்சுத் தெய்ங்க, நாங்க வர்றோம்."

மாஸ்க்

அன்றிலிருந்து மாஸ்க் போட்டுக்கொண்டேன். சளிக்காக அல்ல, சிரிப்புக்காக. ஏன் என்று பாய்க்குச் சொல்லியிருந்தேன். கேள்வியும் 'என்ன தெரியுது?' என்பது மட்டும்தான். முதல் வாரங்களில் ரிஸ்வானா, "ஒண்ணுதான் மிஸ்" என்று சொல்லிவிட்டு என் கண்ணைத் துழாவுவாள். அப்படிச் சொல்வது ஏழு வயதுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்; என் வயதுக்கே அது எளிதாக இல்லை. பட்டன் கிட்டே வரவர இரண்டு கண்ணையும் சேர்ப்பது கஷ்டம்; ராஜா பட்டன் மெல்ல மெல்ல மூக்கை நோக்கி நகர்ந்தது. ஒருநாள், "ஒண்ணு... இல்ல, இருங்க, ரெண்டாவுது, மறுபடி ஒண்ணு" என்றாள். இது யாரும் சொல்லிக்கொடுக்காத பதில்.

மழைக்காலம் முடிந்தபின் மறுபடி ஈ படத்தை வைத்தேன். இறக்கையைப் பிடி என்றேன், அவ்வளவுதான். ரிஸ்வானாவின் இரண்டு விரல்கள் தாளுக்கு மேலே, வெறும் காற்றில் போய் நின்று கிள்ளின. உடனே கையை இழுத்துக்கொண்டு, "சீ! அத்தா, இது எழுந்து நிக்குது!" என்று நாற்காலியோடு பின்னால் போனாள். பாய் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மாஸ்க்கக் கழட்டுங்க மேடம், இப்போ சிரிக்கலாம்."

பிள்ளைகளின் கண்ணைப் படிக்க எனக்கு நான்கு வருடப் படிப்பு தேவைப்பட்டது, என் முகத்தைப் படிக்க அவர்களுக்கு ஒரே ஒரு முறை பென்சில் முனையைப் பார்க்கும் நேரம் போதும்.