சாந்தில் கரைந்த கருப்பட்டி

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறது எபனேசர்விளை. அங்குள்ள வேதக்கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால், வாசல் கல்லில் இருக்கும் வெள்ளைக்காரப் பாதிரியின் பெயரைக் காட்டுவார்கள். அவர் ஒரு கூடை மண்ணாவது சுமந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சுமந்ததெல்லாம் ஊர்ப் பெண்கள். பனையோலைக் கொட்டகை இருந்த இடத்தில், கடற்பாறைக் கல்லை அடுக்கி, சிப்பி சுட்ட சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசிய சுவர் அது. கூர்முனை வளைவு வைத்த ஜன்னல்களும் வழவழவென்ற தூண்களும் நூறு வருஷம் உப்புக்காற்றைத் தாங்கி நின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் கோபுரத்துச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. யுத்த காலம், சிமென்ட் கண்ணில் படவில்லை. பழையபடி சாந்து அரைத்தே பூசுவது என்று சபை முடிவு செய்தது. அரைக்க வந்தவர்களில் ஒருத்தி ஜெபகனி. புருஷன் எஸ்றா பனையிலிருந்து விழுந்து செத்த பிறகு, மகள் தபித்தாளை வைத்துக்கொண்டு கிடைத்த வேலைக்கெல்லாம் போனவள்.

பதநீர்க் காலம் முடியும் முன்பே வீடு வீடாகக் கருப்பட்டி காணிக்கை வாங்கியாயிற்று. ஜெபகனியும் வீட்டில் இருந்ததை வழித்துக் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பர்னபாஸ், அனனியா சப்பீராள் கதையைப் பிரசங்கித்தார். ஆண்டவருக்கென்று கொடுத்ததில் கொஞ்சத்தை ஒளித்துவைத்த புருஷனும் பெண்சாதியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதை. பெரியவர்களே நடுங்கிப்போனார்கள். அதற்குப் பிறகு காணிக்கைக் கருப்பட்டி உடைக்கிற பெண்கள், வீட்டுக்குப் போகுமுன் கையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். விரலில் ஒட்டிய இனிப்புகூட வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற பயம்.

மார்கழியில் தபித்தாளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அரிசி கிடைக்காத காலம். கேப்பைக்கூழ் உள்ளே நிற்கவில்லை. பிள்ளை கேட்டதெல்லாம் கருப்பட்டித் தண்ணீர். ஊரிலிருந்த கருப்பட்டியை வியாபாரிகள் எப்போதோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் கோயில் அறையில் மூட்டையாகக் கிடந்தது.

ஜெபகனி உபதேசியாரிடம் போய் நின்றாள்.

"ஐயா, பிள்ளைக்கு ஒரு துண்டு கருப்பட்டி..."

பர்னபாஸ் பொல்லாத மனுஷர் இல்லை. முகம் வாடத்தான் செய்தது. "அது ஆண்டவருக்குன்னு நேர்ந்ததுல்லா தாயி. எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? ஜெபம் பண்ணுதேன், போ."

பக்கத்து வீட்டு அற்புதமணிக்குக் கேட்கவே பொறுக்கவில்லை. "அவர்கிட்ட எதுக்குளா கேட்ட? ஒன் கையிலதான கிடக்கு. மடியில ஒரு துண்ட வச்சிட்டு வா. பிள்ளய விட ஆண்டவருக்கு அது பெருசா?"

மறுநாள் கருப்பட்டி உடைக்கும்போது பக்கத்தில் யாருமில்லை. ஒரு துண்டைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு ஜெபகனி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதைக் கொடுத்து, பிள்ளை சப்பீராளைப் போல விழுந்து செத்துவிட்டால்? தன் உயிர் என்றால் துணிந்திருப்பாள். பிள்ளை உயிரை வைத்துப் பார்க்க மனசு வரவில்லை. துண்டைச் சாந்துக்குக் கருப்பட்டி ஊறும் பானையில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தபித்தாள் தாயின் கையை இழுத்து மோந்து பார்த்தாள். "யம்மா, கருப்பட்டி மணக்கு" என்றாள். ஜெபகனி எழுந்து போய் மறுபடியும் கையைக் கழுவினாள். பெற்ற வயிறு எப்படித்தான் தாங்கியதோ! மறுநாள் மத்தியானம், அவள் சாந்து அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளையின் உயிர் போய்விட்டது. கருப்பட்டித் தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டது கிடைக்காமல் போனது என்பது மட்டும் நிச்சயம்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்து, ஜெபகனி மிச்ச வேலைக்கும் போனாள்.

தை மாதம் பிரதிஷ்டைப் பண்டிகை. சபைகளுக்கெல்லாம் தலைவரான அத்தியட்சர் வந்து கோபுரத்தைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார். ஆராதனை முடிந்ததும் பந்தலில் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். ஜெபகனி ஒரு வாய் குடித்தாள். நல்ல இனிப்பு.

"இந்தக் காலத்துல இம்புட்டுக் கருப்பட்டி ஏதுக்கா?" என்று கேட்டாள்.

ஊற்றிக்கொண்டிருந்த அற்புதமணி தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற பர்னபாஸ்தான் பதில் சொன்னார்: "பூசினது போவ ரெண்டு மூட்ட மிஞ்சிக் கிடந்துது தாயி. வேலதான் முடிஞ்சிட்டே, வச்சு என்ன செய்ய? நாந்தான் காய்ச்சச் சொன்னேன். குடி, நல்லாக் குடி."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அவள் வந்து கேட்டது அவருக்கு மறந்தே போயிருந்தது. எந்தப் பாவத்தை மன்னித்தாலும் இந்த மறதியை மன்னிக்க முடியாது.

ஜெபகனி தம்ளரைக் காலி பண்ணிவிட்டு நீட்டினாள். குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாள். சேலையெல்லாம் சிந்தியது. குமட்டிக்கொண்டு வந்ததையும் விழுங்கிவிட்டு நீட்டினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஊத்துக்கா" என்றாள். அற்புதமணி அழுதுகொண்டே ஊற்றினாள்.