செல்போனில் ஒரு ஏலக் குரல்

என் கணவருக்குப் பார்க்கின்சன் வந்த பிறகு, கை நடுக்கத்தைவிடக் கால் ஒட்டிக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. நன்றாக நடந்து வருவார். நிலைப்படி வந்ததும் பாதம் தரையை விட்டுக் கிளம்பாது. தாளம் கேட்டால் கால் எழும் என்று பிசியோதெரபி பார்க்கும் பெண் சொன்னாள். கோவையிலிருக்கும் எங்கள் மகள், அவர் செல்போனில் 'டிக் டிக்' என்று அடிக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். அதைக் கேட்டு அவருக்கு எரிச்சல் வந்ததே தவிர கால் வரவில்லை. எரிச்சல் எனக்கும்தான்.

சின்னமனூரில் ஒரு கமிஷன் மண்டியில் வாழைத்தார் ஏலம் விட்டவர் அவர். வீட்டில் உப்பு கேட்டாலும் தெருமுனைவரை கேட்கும். மெதுவாகப் பேசச் சொல்லி நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. என் வாய்முகூர்த்தமோ என்னவோ, இப்போது அவர் பேசுவது கேட்க, வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

மண்டியில் யாரோ முன்பு எடுத்த வீடியோ மகளுக்குக் கிடைத்தது. அதில் அவர் குரலை மட்டும் வெட்டி, போனைத் தட்டினால் ஒலிக்கும்படி செய்தாள். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" மூன்றாவதில் கால் எழுந்துவிட்டது. அந்தச் சொல்லோடு அடுத்த தாருக்கு நகர்ந்தே பழகிய கால் அல்லவா. போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன்னைத் தானே ஏலம் விட்டபடி வீட்டுக்குள் நடந்தார். "என்ன, தாரு கெளம்பிருச்சா?" என்பேன். வாய் கோணச் சிரிப்பார்.

சட்டைப் பொத்தான், சவரம், சோறு பிசைவது எல்லாவற்றையும் என் கையில் விட்டுவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் தானாகப் போய்வர வேண்டும். "அங்கன மட்டும் நீ வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போன மாதம் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏலச் சத்தம் கேட்டது. முடிந்து மறுபடி கேட்டது. விடாமல் கேட்கவே, கையில் மாவுக் கரண்டியோடு ஓடினேன். பாத்ரூம் வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். விரல் போனைத் தட்டிக்கொண்டே இருந்தது. குரல் கணீரென்று மூன்று தரமும் சொன்னது. கால் அசையவில்லை. வேட்டி நனைந்து, பாதத்தைச் சுற்றி ஈரம் நின்றது.

மாத்திரை வேளை தப்பவில்லை, போனிலும் பழுதில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. போனைப் பிடுங்கி நிறுத்தினேன். அவர் ஏதோ முணுமுணுத்தார். காதைக் கொண்டுபோனேன்.

"ஒருத்தரும் வெல கேக்கல. ஓரமா எடுத்து வச்சிரு."

காற்றில் அடிபட்ட தாரை மண்டியில் அப்படித்தான் செய்வார்கள். மூன்று தரம் கூவியும் யாரும் விலை கேட்காவிட்டால், சுவரோரம் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அப்படி எத்தனை தாரை இவரே ஒதுக்கச் சொல்லியிருப்பார்.

மண்டியில் விலை கேட்பவர்களைப் போலக் கையைத் தூக்கினேன். கரண்டியிலிருந்து மாவு சொட்டியது.

"நான் கேக்குறேன். எனக்கு வேணும் இந்தத் தாரு. சொல்லுங்க மூணு தரம்."

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. காலும் வரவில்லை. தூக்கிய கையை எப்போது இறக்குவதென்று தெரியாமல், அந்த ஈரத்தில் நானும் நின்றேன்.