மாந்தமும் மந்தமும்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நர்ஸ் லூர்து என்னைப் பார்த்து நின்றார். டாக்டர் சரோஜாவுடன் ஊர் ஊராகப் போனவர்.

"நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க தம்பி. நேத்து, திருச்சியில."

தலையை ஆட்டினேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு டாக்டரின் அந்த ஆராய்ச்சி நினைவிருக்கும். மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி தாமதமானால், பாதியில் நின்றால், அறிவு வளர்ச்சி குன்றுகிறதா? அதற்காகத்தான் அரியலூர்ப் பக்கம் வீடு வீடாக வந்தார். பட்டணத்துத் தமிழ். "குழந்தைக்கு மந்தம் உண்டா?" என்பார். பெண்கள் காதில் மாந்தம் என்று விழுந்தது. வயிறு உப்பிப் பால் கக்கும் மாந்தம். எந்தப் பிள்ளைக்கு வரவில்லை? கீழப்பழுவூரில் எல்லாரும் "ஆமாங்க" என்றார்கள்.

"ஊரே மந்தமாயிடுச்சு லூர்து. முதல் மந்தம் நான்தான்" என்று சிரித்தாராம். மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்.

"இல்லை" என்று சொன்ன ஒரே வீடு எங்களுடையது. அப்பா பள்ளி ஆசிரியர். சொல் அவருக்குச் சரியாகவே புரிந்திருந்தது.

இரண்டாம் முறை டாக்டர் வந்தபோது கல்லூரி விடுமுறையில் நானும் இருந்தேன். உள்ளேயிருந்து செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் அக்கா.

"இவங்க?"

"வேலைக்கு இருக்கற பொண்ணு" என்றார் அப்பா.

செல்வி சொம்பை நீட்டினாள். "அப்பா, தண்ணி."

நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் சொம்பை வாங்கிக் குடித்தார். "வாங்க, இப்படி உட்காருங்க. உங்க பேரென்ன?"

செல்வி பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ அழைக்கிறார் என்று.

கதவருகே அம்மா உடைந்தாள். "கொழந்தையில இவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப மாந்தம்னு நெனச்சு உரைமருந்து குடுத்தோம். வலிப்பு வந்தப்புறந்தான் ஆஸ்பத்திரி. கண்ணு முழிச்சதும் ஊசி போதும்னு தூக்கிட்டு வந்துட்டோம். அதனாலயா டாக்டரம்மா?"

"தெரியலைம்மா. தெரிஞ்சா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்."

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் மாந்தத்தையும் சேர்த்தே கேட்டார். எந்தக் காய்ச்சலை மாந்தம் என்று நினைத்தீர்கள், எத்தனை நாள் பொறுத்தீர்கள் என்று. அம்மாவுக்கான பதில் வருமுன் போய்விட்டார். அப்பா அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது செல்வியை 'வாங்க' என்றாரே, அந்த 'ங்க' ஒன்றுதான். அதை நான் அவளிடம் இன்னும் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் புறப்படும்போது செல்வி கேட்டாள். "நானும் வரவா? எனக்கும் தெரியும், அந்த டாக்டரு."

"கூட்டமா இருக்கும்" என்றேன்.

அரியலூர் வரை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.