கோல் வாசலில் வந்து நின்ற எதிரணிப் பெண்

போன வருடம் மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சில தெருக்கள் தள்ளியிருக்கும் ஸ்கேட்டிங் தளத்தில் ஜூனியர் ரோலர் ஹாக்கி லீக்கின் கடைசி ஆட்டம். ஐஸ் ஹாக்கியை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஐஸுக்கு இந்த ஊரில் எங்கே போவது? எங்கள் பிள்ளைகள் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு சிமென்ட் தரையில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஆடுகிறார்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அணியின் கோல்கீப்பர்.

அந்த சீசன் தொடங்கியதிலிருந்து சனி, ஞாயிறு எதுவும் எங்களுடையதாக இல்லை. ஒரு வாரம் புதுச்சேரி, ஒரு வாரம் சேலம் என்று வேனில் எலுமிச்சை சாதத்தோடு அலைந்தோம். பாதி சீசனில், அணியின் இன்னொரு கோல்கீப்பர் பெண்ணுடைய அப்பாவுக்கு வெளிமாநில ப்ராஜெக்டுக்கு மாற்றல் வந்து குடும்பமே கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு எல்லா ஆட்டத்துக்கும் என் மகள் ஒருத்திதான். நானோ பயந்தவள். பந்து அவள் பக்கம் வந்தால் தரையைப் பார்ப்பேன். நம்மவர்கள் கைதட்டினால் நிமிர்வேன்.

அன்று சமமாக முடிந்தாலே மாநிலப் போட்டிக்குப் போய்விடலாம். இரண்டாம் பாதியில் ஆளுக்கு ஒரு கோல். அதற்குப் பிறகு என் மகள் எதையும் உள்ளே விடவில்லை. அணியில் ஆடும் ஒரு பையனின் அப்பா, பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், “இந்தப் பொண்ணு கோல் போஸ்ட்டயே வூட்டுக்குத் தூக்கினு போயிடும் போலக்குது” என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிரணியில் மஞ்சள் பனியன் போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி பந்தோடு பாய்ந்து வந்தாள். வழக்கம்போல் நான் குனிந்துகொண்டேன். அதனால் மோதியதைப் பார்க்கவில்லை; சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். நிமிர்ந்தபோது இருவரும் விழுந்து கிடந்தார்கள். மகளின் பின்னந்தலை ஹெல்மெட்டோடு இரும்புக் கம்பத்தில் இடித்திருந்தது. இருவரும் எழுந்துவிட்டார்கள். கோச் ஓரத்திலிருந்து சைகையில் விசாரிக்க, மகள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மஞ்சள் பனியன் பெண் மட்டும் தன் இடத்துக்குத் திரும்பாமல் நேரே நடுவரிடம் போனாள்.

“சார், இது எத்தனாவது ஹாஃப்னு அந்த அக்கா என்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டுச்சு. கண்ணும் ஒரு மாதிரி இருக்கு சார்.”

நடுவர் போய்க் கேட்டார். மகள் தனக்கு ஒன்றுமில்லை என்றாள். எங்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. “ஏம்மா, கோல் போட முடியலன்னா கீப்பரயே கெளப்பி வுட்டுடுவியா?” என்றார் வடக்குத்துக்காரர். தந்திரம் செய்கிறாள் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் மனசு கேட்காமல் இறங்கித் தடுப்புக் கம்பியோரம் போய் மகளைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“ரிலீவர் இன்னும் வரலையேம்மா.”

என் கணவருக்குச் சுரங்கத்தில் கரி போகும் கன்வேயர் பெல்ட்டில் ஷிஃப்ட் வேலை. அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து நிற்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே வழக்கம். சாப்பாட்டுக்குத் தாமதமாக வரும் நாளெல்லாம் ‘ரிலீவர் வரல’ என்பார். அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்த பெண். ஆனால் தன்னை மாற்றிவிட அணியில் ஆளே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் யாருக்காகக் காத்திருக்கிறாள்?

கோச் அழைத்தார். நடுவர் கையைப் பிடித்தார். அவள் கம்பத்தை இறுகப் பற்றிக்கொண்டாள். அப்போது, அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மஞ்சள் பனியன் பெண் கோல் வாசலுக்குள்ளேயே வந்து, மட்டையை ஊன்றிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள்.

“நான் வந்துட்டேன்க்கா. நீ கெளம்பு.”

என் மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பனியனின் நிறம் அவள் கண்ணில் படவே இல்லை. கையுறையைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். தடுப்பைத் தாண்டியதும் வாந்தி எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நீ எப்போம்மா வந்த?” என்று கேட்டாள்.

இங்கே முதலுதவி முடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். மண்டைக்குள் லேசான ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், படுக்கையில் வைத்துக் கவனித்தால் போதும் என்றார் டாக்டர். அதே தலையில் இன்னொரு அடி பட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

முதல் ஷிஃப்டிலிருந்த கணவர் யூனிஃபார்மோடு ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். மகளின் கட்டிலோரம் உட்கார்ந்தபடி சொன்னார்.

“பெல்ட் ஓரமா நெடுக ஒரு கயிறு போவும். ஆள் வரலன்னாலும், நம்மால முடியலன்னா அத இழுத்துட்டா பெல்ட்டு நின்னுடும். அந்தப் பாதிய நான் புள்ளகிட்ட சொன்னதே இல்ல.”

கோல்கீப்பர் இல்லாத எங்கள் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. மாநிலப் போட்டிக்கு மஞ்சள் அணிதான் போனது. அந்தப் பெண் கெட்டிக்காரி, காரியத்தைச் சாதித்துக்கொண்டாள் என்று சொல்பவர்கள் எங்கள் பிளாக்கில் இன்னும் இருக்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. மறுவாரம் அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்த அக்கா சாப்பிடுகிறதா என்று தினமும் கேட்டு நச்சரிக்கிறாள் என்றார்.

மகள் மாதக்கணக்கில் சக்கரத்தைத் தொடவில்லை. டாக்டர் சரி என்ற பிறகு, இந்த சீசனில் மறுபடி கோலில் நிற்கிறாள். தலை சுற்றினால் தானே கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று அவள் அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார். எனக்கு இன்னும் பயம் விடவில்லை. சமையலறையில் பாத்திரம் விழுந்தால்கூட அன்றைய சத்தம்தான் கேட்கிறது. ஆனாலும் அவளை அனுப்புகிறேன். பெற்றவள் நான் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைக் கவனித்தது அவளைத் தோற்கடிக்க வந்த ஒரு பெண்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளும் எதிரே ஆடுகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அனுப்ப முடிகிறது.