நைனாவின் முறைநாளும் இருபத்தோராம் மாடியும்

எங்கள் ஊர் விதி இது: ஏரியில் வலை போடும் வரிசையில் பெயருள்ளவர், தன் முறைநாளில் ஊரில் இருக்க முடியாது என்றால், அதற்கு முன் வரும் அமாவாசைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் வரிசையில் அடுத்தவர் அந்த நாளை எடுத்துக்கொண்டு தன் நாளை இவருக்குத் தருவார். சொல்லாமல் போனால் முறை போகும். பெயர் என்ன ஆகும் என்பதை ஊர் முடிவு செய்யும். எங்கும் எழுதி வைக்கப்படாத இந்த விதி, பணிக்காலம் முழுவதும் நான் கட்டிக்கொண்டு அழுத எந்த அரசாணையையும் விடத் தெளிவானது. அதை மட்டும் பின்பற்றியிருந்தால் எனக்கும் அப்பா அம்மாவுக்கும் அந்த இரண்டு மாதமும் ஒழுங்காகச் சோறு இறங்கியிருக்கும்.

பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றைப் பாடு என்பார்கள். எங்கள் குப்பமும் பக்கத்துக் குப்பங்கள் இரண்டும் அவற்றை நாள்முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. கல்யாணம் ஆனதும் ஒருவனுடைய பெயர் வரிசையில் ஏறும். எனக்குக் கல்யாணம் ஆனபோது நான் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நைனாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். அவருக்கு வயது எண்பத்து நான்கு. வலையைப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இழுக்கிறார்கள். ஆனால் பெயர்க்காரர் படகில் இருந்தாக வேண்டும் என்பது முறை. அதனால் நைனா முன்பக்கம் உட்கார்ந்து, இழுக்கிறவர்களை வைதுகொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்த உடற்பயிற்சி அதுதான்.

ஓய்வு பெற்று மீஞ்சூரில் வீடு கட்டி உட்கார்ந்த பிறகு, ஒரு நாள் அம்மாவிடம் எங்காவது போகலாமா என்று கேட்டேன். திருப்பதி என்பாள், மிஞ்சினால் ராமேஸ்வரம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"சிங்கப்பூரு" என்றாள்.

தலையில் மீன்கூடையோடு நெடுங்காலம் மீஞ்சூர் ரயிலில் போய் வந்தவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்களாம். அதனால் எப்போதும் உட்கார இடம் கிடைக்கும் என்று சிரிப்பாள்.

"அங்க இன்னாம்மா பாக்கணும்?"

"ஒண்ணும் பாக்க வாணாம். பெரிய ஓட்டல்ல ரூம் போடு. நான் எழுந்த படுக்கைய வேற ஒருத்தி வந்து மடிக்கணும். நான் நாற்காலில குந்திக்கினு அத்த பாக்கணும்."

ஒரு பயணத்துக்கு இவ்வளவு தெளிவான நோக்கம் சொல்லப்பட்டு நான் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. வேலையைத் தொடங்கினேன். பிறந்த தேதிக்கு எந்தச் சான்றும் இல்லாத இரண்டு பேருக்குக் கடவுச்சீட்டு வாங்குவது பலருக்கு மலைப்பு, எனக்குப் பொழுதுபோக்கு. ஒரு கவுண்டரில் இருந்தவருக்கு அவருடைய துறையின் சுற்றறிக்கையையே எடுத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததாக நான் எடுத்துக்கொண்டேன். விசா வந்தது. விமானநிலையத்தில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி, நைனாவுக்கு உப்பில்லாத சாப்பாடு, ஓட்டலில் இருபத்தோராவது மாடியில் இரண்டு அறை. கடல் பார்த்த அறைக்கு வாடகை அதிகம் என்று கேட்டதும் நைனா கொதித்துப்போனார்.

"கடல பாக்கறதுக்கு காசா? எவன்டா அவன்? ரோட்டப் பாத்த ரூம் போடு."

ரோட்டைப் பார்த்த அறை போட்டேன். கார்த்திகை பதினெட்டில் கிளம்பி இருபத்துமூன்றில் திரும்புவது. பள்ளி விடுமுறைக்கு முன்பு, கூட்டம் இருக்காது. எல்லாம் சரிபார்த்த நான், ஒன்றைச் சரிபார்க்கவில்லை. நைனாவின் முறைநாள் கார்த்திகை இருபது. முகத்துவாரம் திறந்து, மழைத்தண்ணீர் இறங்கி, இறால் நன்றாக ஓடுகிற காலம்.

"கூட்டத்துல சொல்லிடு நைனா" என்றேன்.

"எழுந்து நின்னு, நான் சிங்கப்பூரு போறேன்னு சொல்லணுமா? சிரிக்க மாட்டானுங்க? நீ படிச்சவன். நீ பாத்துக்கோ."

வரிசையில் பெயர் இல்லாதவன் கூட்டத்தில் பேச முடியாது. எனக்குத் தெரிந்தது மனு. எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு. இணைப்பில் விமானச்சீட்டு நகலும், ஓட்டல் முன்பதிவு நகலும். முன்பதிவுத் தாளில் மொட்டைமாடி நீச்சல்குளத்தின் படம் வண்ணத்தில் வந்திருந்தது; வெட்டி எடுக்கத் தோன்றவில்லை. நைனாவின் வீட்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் வந்துவிடும் ஊர்த் தலைவர் வீட்டுக்கு, ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எங்கள் குப்பத்துக்குப் பதிவுத் தபால் என்றால் ஒன்றே ஒன்றுதான். பாடு எல்லைக்காக ஊருக்கும் ஊருக்கும் சண்டை வந்த காலங்களில் வக்கீல் நோட்டீஸ் அப்படித்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். எவ்வளவு படித்தாலும் புத்தி வேலை செய்யாத நேரம் ஒன்று உண்டு.

தலைவர் என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர். அதிலேயே இன்னொரு வருடமும் படித்தவர். மறுநாள் காலை போன் செய்தார்.

"இன்னா மச்சான், எங்கமேல கேசு போட்டுக்கீறியா?"

"கேசு இல்லப்பா. மனு."

"மனுன்னா இன்னா, கேசு போட்ட குட்டியா?"

"நைனா முறைய அடுத்தவருக்கு மாத்தி விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவ்ளோதான்."

"அத்த வந்து வாயால சொல்றதுக்கு இன்னா? நாக்குல ஆணியா அடிச்சிருக்கு? சீல் வச்ச கவர் வந்துருச்சுன்னு ஊரே பேசுது. இப்ப மத்த ரெண்டு ஊருக்கும் காட்டணும். நாளைக்கு அவனுங்க, 'பேப்பர மறைச்சுட்டான்'னு எம்மேல பாய்வானுங்க."

அன்றே ஊருக்குப் போனேன். கடிதம் அவர் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல், ஒரு தேங்காயை எடையாக வைத்து, பத்திரமாக இருந்தது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாபஸ் வாங்கவும் எழுதித்தானே கொடுக்க வேண்டும் என்றார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை; எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் கண்காணிப்பாளர் ஆகியிருப்பார்.

ஐப்பசி அமாவாசை தீபாவளியோடு வந்தது, கூட்டம் இல்லை. கடிதம் பக்கத்துக் குப்பத்துக்குப் போனது. அங்கிருந்து அடுத்த குப்பத்துக்குப் போனது. போன இடமெல்லாம் அது பேச்சாக வளர்ந்தது. மொட்டைமாடியில் குளம் கட்டிக் குளிக்கிறவனுக்கு ஏரி எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். பிள்ளைக்குப் பென்ஷன் வரும் வீட்டுக்குப் பாடு தேவையா என்று இன்னொருவர். ஒரு நாளை மாற்றக் கேட்டது, பெயரே இருக்கலாமா என்ற கேள்வியாகிவிட்டது.

நான் மீஞ்சூரில் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். மின்சார ரயில் வரும்போதெல்லாம் அடுத்ததில் பொன்னேரி போய், அங்கிருந்து ஊருக்குப் போகலாமா என்று நினைப்பேன். போனால் தலைவர் ஏரிக்குப் போயிருப்பார். போகாத நாளில் அவர் வீட்டில் சும்மா இருந்ததாகத் தெரியவரும். போனில் ஓட்டல் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கார்த்திகை பதினாறு மாலை ஆறு மணி வரை ரத்து செய்தால் பணம் முழுதும் திரும்பும். அந்த வரியை ஒரு நாளைக்கு எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை.

அம்மா அதே வேகத்தில் தயாராகிக்கொண்டிருந்தாள். நைனாவோடு என் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கி, மேல்நாட்டுக் கழிவறையில் உட்காரப் பழகினாள். சக்கரம் வைத்த பெட்டியைத் தெருவில் இழுத்துப் பார்த்துவிட்டு, "கூடைக்கு இப்பிடி ரெண்டு சக்கரம் இருந்திருந்தா எங்கழுத்து இப்பிடி ஆயிருக்குமா?" என்றாள். நைனா தூங்கவில்லை. படுப்பார், எழுந்து தண்ணீர் குடிப்பார், வாசலில் நின்று காற்றைப் பார்ப்பார்.

"பேர அடிச்சுட்டானுங்கன்னா?"

"அடிக்க மாட்டாங்க நைனா."

"எந்த ரூல்ல சொல்ற?"

வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் விதியைக் கேட்டு நான் வெறுங்கையோடு நின்றேன்.

"உன் பேரு ஏரில நிக்கட்டும்" என்றாள் அம்மா. "நான் இங்கியே நிக்கறேன்."

"நீயும் புள்ளயும் போங்களேன். நான் வரலன்னா பிளேனு கெளம்பாதா?"

"ஒண்டியா போறதுக்கு நான் இன்னா மீன் விக்கவா போறேன்? நீ வந்தா வா, இல்லன்னா வாணாம்."

கார்த்திகை பதினைந்து அமாவாசை. மூன்று ஊரும் கூடுவதாக ஏற்பாடு. அன்று காலையிலேயே புயல் எச்சரிக்கை வந்து, எல்லாரும் படகை மேலே ஏற்றப் போய்விட்டார்கள். கூட்டம் நடக்கவில்லை.

பதினாறாம் தேதி மாலை ஐந்தரைக்கு நைனா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. போனில் ரத்து செய்யும் இடத்தைத் திறந்து வைத்திருந்தேன். நைனா விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"அவள கேட்டியா?"

கேட்கவில்லை. இத்தனை மாதத்தில் எல்லாரிடமும் கடிதம் மூலம் கேட்டவன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் உள்ளே இருந்தபடியே, "கேன்சல் பண்ணு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். பெட்டியைத் திறந்து, வைத்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரும்புப் பெட்டிக்கு மாற்ற ஆரம்பித்தாள். நைனா கதவோரம் நின்று பார்த்தார். மூன்றாவது புடவை வரை பொறுத்தார்.

"ஏ, நிறுத்து. உள்ள வை அத்த."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? போறதுக்கு. பேரு போனா போது." பிறகு என் பக்கம் திரும்பி, போன பெயருக்கெல்லாம் நான்தான் காரணம் என்பதுபோல, "இன்னாடா பாக்கற? அந்த போன மூடு" என்றார்.

மூடினேன். ஆறு மணி தாண்டியது. ஒரு கெடுவைத் தெரிந்தே கடக்கவிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

போனோம். இருபதாம் தேதி நைனா இருபத்தோராவது மாடியில் அறைக்கும் நடைவழிக்குமாக நாள் முழுதும் நடந்தார். அந்நேரம் ஏரியில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று மணிக்கொரு தரம் சொன்னார். சன்னலில் தெரிந்த ரோட்டைப் பார்த்து, இவ்வளவு காரும் எங்கேதான் போகிறது என்று எரிச்சல்பட்டார். அவர்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணை அம்மா விடவில்லை. தமிழ்க்காரி. இரண்டு பேரும் விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டே முக்கால் மணி பேசினார்கள். நாற்காலி காலியாகவே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அவ ஒண்டியா செய்யறத பாத்துனு குந்த முடியல போ" என்றாள்.

மறுநாள் கீழே நாஸ்டா சாப்பிடும்போது தலைவரிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதிய கடிதம். மூன்று ஊர்த் தலைவர்களின் கையெழுத்து. மனு கொடுத்தவருக்கு வரிசையில் பெயர் இல்லாததால் மனு ஏற்கப்படவில்லை. நான் எத்தனையோ பேருக்கு இதே காரணம் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. பெயருள்ளவர் வந்து சொல்லாததால் இந்த முறை போனது. பெயர் அடிக்கப்படவில்லை, வரிசையின் கடைசிக்குப் போகிறது.

படித்துக் காட்டினேன். நைனா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"கடைசின்னா, மறுபடி எப்ப வரும்?"

"ஆடிக்கு மேல ஆவும் நைனா."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். ஆடிக்குள் அவருக்கு எண்பத்தைந்து ஆகியிருக்கும். அம்மா அந்தத் தட்டைத் திரும்ப அவர் முன்னால் நகர்த்தி, சாப்பிடச் சொன்னாள். கடிதத்தின் தலையில் தலைவர் தன் கையால் தேதி போட்டிருந்தார்: கார்த்திகை இருபத்தொன்று. முறைநாள் முடியும்வரை நைனாவுக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.