நீலத் தாள் ஒட்டிய போத்தல்

எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நீலத் தாள் ஒட்டிய பழைய கண்ணாடிப் போத்தல் ஒன்று இருக்கிறது. மகள் அதில் சீனி போடுகிறாள். மூடியை ஒழுங்காக இறுக்குவதில்லை. இன்று காலை பதினேழு எறும்புகள். சொன்னால் சிரிக்கிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கல்முனைக்குத் தெற்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் மருந்து எண்ணிக் கொடுப்பவனாக இருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு பெரிய டாக்குத்தர் அங்கே வந்து சேர்ந்தார். கச்சான் காற்று அனலாக அடிக்கும் நாளிலும் கழுத்துப்பட்டியைக் கழற்றமாட்டார். கர்ப்பிணிகளைத் தொட்ட கையை மூன்று தரம் கழுவுவார். அவர்களுடைய முகத்தை ஒரு தரமும் பார்க்கமாட்டார். "கேஸ்" என்பார். மாதம் நிறையுமுன் பிரசவமாவதைத் தடுக்கும் என்று ஒரு மாத்திரையை, எங்கள் பேச்சில் குளிசையை, சோதிப்பது அவருடைய ஆராய்ச்சி. சிவப்புத் தாள் ஒட்டிய போத்தல் ஒன்று, நீலம் ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவில் செய்த போலிக் குளிசை. எதில் எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சோதனை முடியும்வரை அப்படி மறைப்பதில் நியாயம் உண்டு. நான் இகழ்வது அதையல்ல.

ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, அதற்குமுன் இரண்டு பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து தவறியிருந்தன. மூன்றாவதையாவது கையில் ஏந்த வேண்டுமென்று வந்தாள். அவளுக்கு நீலம் விழுந்தது. அதே காலத்தில் உண்டாகியிருந்த தங்கச்சிக்குச் சிவப்பு. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். சகோதரிகள் தாயின் வளவிலேயே அடுத்தடுத்துக் குடியிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு மீன் வந்தால் பாதி மற்ற வீட்டுக்குப் போகும். குளிசையும் போனது.

"ரெண்டையும் ஒரு கோப்பையில கொட்டிப் பங்கு வெச்சாச்சு தம்பி," என்றாள் ராத்தா.

"ஆரு அப்பிடிச் செய்யச் சொன்ன?"

"ஆரு சொல்லோணும்? எது மருந்தெண்டு உங்கட டாக்குத்தர் வாயத் திறக்கமாட்டாராம். ரெண்டையும் திண்டா ஒண்டாவது புடிக்கும்தானே. நீ போய் உன்ட குளிசைய எண்ணு."

மறுநாள் டாக்குத்தரிடம் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. "உம்மட வேலை எண்ணிக் குடுக்கிறது. எண்ணும்," என்றார்.

ராத்தாவுக்கு ஏழாம் மாதம் வலி கண்டது. ஆண் பிள்ளை. எங்கள் தகப்பன், வாப்பா, அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லி முடிக்கும்வரை மூச்சு இருந்தது. தங்கச்சிக்கு மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். டாக்குத்தர் ராத்தாவை நீலத்தின் கீழும் தங்கச்சியைச் சிவப்பின் கீழும் பதிந்தார். இருவரும் இரண்டையும் விழுங்கியவர்கள் என்று மறுபடியும் சொன்னேன்.

"இப்ப அழிச்சா கணக்கு முழுக்கக் குழம்பிடும்," என்றார்.

அந்தக் கணக்கைக் கொழும்பில் டாக்குத்தர்மார் கூட்டமொன்றில் வாசித்துக் கைதட்டலும் வாங்கினாராம். ஒரு வளவுக்குள் கால் வைக்காமலே ஓர் ஊரின் வயிறுகளை ஆராய்ந்து முடித்த மேதை!

அவர் மாற்றலாகிப் போன நாளில் ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் காரை மறித்து நின்றாள். "எது மருந்து, டாக்குத்தர்? நீலமெண்டா, என்ட புள்ளைக்குச் சேர வேண்டியத நானே பங்கு வெச்சிட்டன். சிவப்பெண்டா என்ட மனம் ஆறும். அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அப்போது சோதனை முடிந்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அவர் காரின் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார்.

அவர் விட்டுப்போன வெறும் நீலப் போத்தலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மௌத்தாகிக் கண் மூடும்வரை, அதைக் காணும்போதெல்லாம் ராத்தா அதே கேள்வியைக் கேட்டாள். இப்போது நான் எழுந்துபோய் மூடியை இறுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது.